பழுப்பைப் பாத்துப் பயந்துட்டீங்க, பயந்திருக்க வேண்டியது வேற மாத்திரைக்கு

போன வாரம் டாக்டரான எனக்குப் போன்ல வந்த ஒரு நீளமான கடிதத்துக்குத்தான் இந்தப் பதில். எழுதினவங்களுக்கு வயசு 43, கம்பத்துக்குப் பக்கத்துல ஒரு ஊரு, தினமும் விடியக்காலம் அஞ்சரை மணி ஜீப்புல ஏறி குமுளி வழியா கேரளா பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போறவங்க. பேரு, ஊரு, தோட்டம் எல்லாத்தையும் எடுத்துட்டேன். நாலு வருஷமா சுகர், மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து குடுக்குற மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுறாங்க.

நடந்தது இதுதான். ஒரு வாரமா ஒன்னுக்குப் போனா எரிச்சல், கால் மணிக்கு ஒருதரம் போகணும்னு வருது, போனா நாலு சொட்டு. மாமியார் சூடு பிடிச்சிருக்குன்னு தொப்புள்ல விளக்கெண்ணெய் வச்சாங்க, நீர்மோர் குடுத்தாங்க, கேக்கல. ஞாயித்துக்கிழமை தோட்டத்துப் பொண்ணு ஒருத்தி கூட குமுளிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. யூரின் டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு அங்க இருந்த நர்ஸ் "மூத்ரத்தில் பழுப்புண்டு, குளிக கழிச்சா மாறும்"னு சொல்லி ஒரு நீலக் கவர்ல பத்து காப்ஸ்யூல் குடுத்தாங்க, நைட்ரோஃபுரன்டாயின் 100 மில்லிகிராம், காலையில ஒன்னு ராத்திரி ஒன்னு, அஞ்சு நாளைக்கு. மறுநாள் சாயங்காலம் வீட்டு டாய்லெட்ல வெள்ளை பேசின்ல பாத்தா சிறுநீர் பால் விடாத கட்டஞ்சாய மாதிரி பழுப்பா இருக்கு. காலையில அந்தக் காப்ஸ்யூலைப் போட்டுட்டு ஜீப்புல போறப்ப வளைவுக்கு வளைவு குமட்டல். "பழுப்பு இருக்கு, மாறும்னாங்க, ஆனா இப்பத்தானே பழுப்பே வந்திருக்கு, கிட்னி கரையுதோ"ன்னு பயந்து நாலோட நிறுத்திட்டாங்க.

செவ்வாய்க்கிழமை ராத்திரி, மெடிக்கல் கடை வச்சிருக்குற கொழுந்தனார் சிப்ரோஃப்ளாக்சசின் 500 பத்து மாத்திரை குடுத்து, வயித்தைப் புண்ணாக்கும் அண்ணி, பாலோட போடுங்கன்னாரு. எரிச்சல் குறைய ஒரு சிரப்பும் குடுத்தாரு. எரிச்சல் பாதி குறைஞ்சது. ஆனா வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குச் செடிக்குள்ள உக்காந்து காய் எடுத்துட்டு இருக்கும்போது வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண்ணு இருட்டிக்கிச்சு. பக்கத்துல இருந்தவங்க பன்னும் இனிப்பு டீயும் குடுத்ததும் பத்து நிமிஷத்துல தெளிஞ்சிட்டாங்க. சனிக்கிழமை எந்திரிச்சா குதிகாலுக்கு மேல பின்பக்கம் வலி, படி இறங்க முடியல.

கேள்விகள் நாலு. கேரளா மாத்திரை என் கிட்னியைக் கெடுத்திருச்சா? சிப்ரோ இன்னும் மூணு இருக்கு, கோர்ஸை முடிக்கணும்னு சொல்றாங்களே, முடிச்சிரட்டா? மீதி இருக்குற ஆறு காப்ஸ்யூலை அஞ்சு மாசம் முழுகாம இருக்குற என் மகளுக்குக் குடுக்கலாமா, அவளுக்கும் இதே எரிச்சல்? எனக்கு யாரு பண்ணது தப்பு?

மொதல்ல அன்னைக்கே அனுப்பின ரெண்டு வரி

தங்கச்சி, உங்க மெசேஜ் பாத்த உடனே ரெண்டு வரி பதில் போட்டேன், ஞாபகம் இருக்கும். சிப்ரோவை நிறுத்துங்க, மூணு மிச்சம் இருந்தாலும் வேண்டாம், நாளைக்குள்ள ஒரு டாக்டரை நேர்ல பாருங்க, கையில இருக்குற எல்லா மாத்திரை அட்டையும் எடுத்துட்டுப் போங்கன்னு. கோர்ஸை முடிக்கணும்ங்கறது நல்ல பழக்கம்தான், நானும் எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்றேன், ஆனா தசைநார் வலி வந்தா அந்த விதிக்கு அங்கயே முற்றுப்புள்ளி. அப்ப மாத்திரையை நிறுத்தணும், நிறுத்துனதைச் சொல்லி வேற மருந்து வாங்கணும். நிறுத்திட்டு வீட்டுலயே உக்காந்துக்கறது ஒன்னு, நிறுத்திட்டு டாக்டரைப் பாக்குறது ஒன்னு, ரெண்டும் ஒன்னில்ல.

இப்ப நிதானமா ஒவ்வொன்னா பேசலாம்.

அந்த 'பழுப்பு' வேற, இந்தப் பழுப்பு வேற

உங்க கடிதத்துல என்னை நிறுத்தி வச்ச வரி நர்ஸ் சொன்னதுதான். மலையாளத்துல பழுப்புன்னா சீழ். நம்ம சலம்னு சொல்லுவோம்ல, அது. மூத்ரத்தில் பழுப்புண்டுன்னா சிறுநீர்ல சீழ் செல்லு தெரியுது, அதாவது இன்ஃபெக்ஷன் இருக்குன்னு அர்த்தம். நிறத்தைப் பத்தி அந்தம்மா ஒரு வார்த்தை பேசல. குளிக கழிச்சா மாறும்னா மாத்திரை சாப்பிட்டா குணமாகும். நீங்க ஆறு வருஷமா அந்தப் பக்கம் போறீங்க, தோட்டத்து மலையாளம் தண்ணி பட்ட பாடு, கங்காணி என்ன சொன்னாலும் புரியும். ஆஸ்பத்திரி மலையாளம் வேற தினுசு. நம்ம வார்த்தை மாதிரியே இருக்கும், உள்ள அர்த்தம் வேற இருக்கும், புரியாத வார்த்தையா இருந்தா திருப்பிக் கேட்டிருப்பீங்க, புரிஞ்ச மாதிரி இருந்ததாலதான் கேக்காம வந்துட்டீங்க.

சரி, நிறம் ஏன் மாறுச்சு? நைட்ரோஃபுரன்டாயினே மஞ்சள் நிறப் பொடிதான். அது ரத்தத்துல ரொம்ப நேரம் தங்காது, கிட்னி அதைப் பிடிச்சு சிறுநீர்ப் பைக்குத் தள்ளிவிட்டுரும், அதுவும் அது உடைஞ்சு வர்ற பொருளும் சேர்ந்துதான் அடர் மஞ்சளோ பழுப்போ ஆகுது. கிருமி இருக்குற இடமும் அந்தப் பைதான். அதனாலதான் 1950கள்ல வந்த இந்தப் பழைய மருந்து இன்னைக்கும் நீர்க்கடுப்புக்கு முதல் வரிசையில நிக்குது. கிட்னி கரைஞ்சு வரல தங்கச்சி, கிட்னி வேலை செஞ்சதாலதான் அந்த நிறமே வந்துச்சு. கிட்னி ஏற்கனவே பலவீனமா இருக்குறவங்களுக்கு இந்த மருந்தைக் குடுக்க மாட்டோம், ஏன்னா சிறுநீருக்குப் போய்ச் சேராது, உடம்புக்குள்ளயே தேங்கி வேற தொல்லை பண்ணும். உங்களுக்குச் சுகர் இருக்குறதால, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் டெஸ்ட் ஒன்னு எடுத்துப் பாத்துட்டுக் குடுத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். எடுத்தாங்களான்னு நீங்க எழுதல.

எந்தப் பழுப்புக்குப் பயப்படணும்னும் சொல்லிடறேன், இல்லன்னா இதைப் படிச்சிட்டு நாளைக்கு யாராவது ரத்தமா போனாலும் டாக்டரம்மா ஒன்னுமில்லன்னாங்கன்னு இருந்துருவாங்க. மருந்தால வர்ற நிறம் கட்டஞ்சாய மாதிரி தெளிவா இருக்கும், ஆளு நல்லா இருப்பாங்க, மாத்திரை நிறுத்தின ஒன்னு ரெண்டு நாள்ல போயிரும். சிவப்பா, கட்டி கட்டியா, இல்ல கோலா கலர்ல கறுப்பா போயி அதோட கண்ணு மஞ்சளாகுது, உடம்பு வெளுக்குது, மூச்சு வாங்குதுன்னா அது வேற கதை. ஜி6பிடிங்கற ஒரு என்சைம் பிறவியிலயே குறைவா இருக்குறவங்களுக்கு இந்த மருந்து சிவப்பணுக்களை உடைச்சிரும். குடும்பத்துல யாருக்காவது ஏதோ மாத்திரை போட்டு திடீர்னு மஞ்சக்காமாலை மாதிரி வந்து ரத்தம் ஏத்துன கதை இருந்தா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க.

ஒரு விஷயம் ஒத்துக்கறேன். பத்து பன்னெண்டு வருஷம் முன்னாடி நானே ஒரு அம்மாவுக்கு இதே மருந்தை எழுதிட்டு, நிறம் மாறும்னு சொல்ல மறந்துட்டேன். வெளிய நாப்பது பேரு நின்னுட்டு இருந்தாங்கங்கறது ஒரு சாக்குதான். மூணாம் நாள் அந்தம்மா மகனோட வந்து, மொத்த அட்டையையும் வாய்க்கால்ல போட்டுட்டேன்னாங்க. அதுலருந்து நான் சீட்டு எழுதும்போதே நிறம் மாறும் பயப்படாதீங்கன்னு வாயால சொல்லிடறது. சொல்ல பத்து செகண்டு கூட ஆகாது.

குமட்டல் யாரு குத்தம்?

நாலரை மணிக்கு எந்திரிச்சு வெறும் வயித்துல வரக்காப்பியோட காப்ஸ்யூலைப் போட்டுட்டு மலை வளைவுல ஜீப்புல போயிருக்கீங்க. மருந்தே போடாம போனாலும் பாதிப் பேருக்குக் குமட்டும். நைட்ரோஃபுரன்டாயின்ல ரொம்ப சகஜமா வர்ற தொல்லையே குமட்டலும் தலைவலியும்தான். சாப்பாட்டோட போட்டா குமட்டல் குறையும், அதுமட்டுமில்ல, மருந்து உடம்புல சேர்றதும் கூடும். இது மத்த பல மாத்திரைக்கு நேர்மாறு. இட்லி ரெண்டு, கம்பங்கூழு, எதுவோ வயித்துல இருக்கணும். உங்களுக்கு என்ன தோதுன்னா, ஒன்பதரை மணிக்குத் தோட்டத்துல தூக்குச்சட்டியைத் திறக்குறீங்கல்ல அப்ப ஒன்னு, ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பாட்டோட ஒன்னு. பன்னெண்டு மணி நேர இடைவெளியும் சரியா வந்துரும். காப்ஸ்யூலைப் பிரிச்சுக் கொட்டிக் குடிக்காதீங்க, மெதுவா கரையணும்னுதான் அப்படிச் செஞ்சிருக்கு.

அந்தச் சிரப்பு விஷயம் யாரும் சொல்றதே இல்ல. எரிச்சலுக்குக் குடுக்குற பிங்க் கலர் சிரப்பு பெரும்பாலும் சிறுநீரோட புளிப்பைக் குறைக்குறது, சிட்ரேட் உப்பு. நைட்ரோஃபுரன்டாயினோ புளிப்பான சிறுநீர்லதான் நல்லா வேலை செய்யும். ரெண்டையும் சேர்த்துக் குடிச்சா ஒரு கையால விதைச்சு மறு கையால பிடுங்குற மாதிரி. வயித்தெரிச்சலுக்குக் குடிக்குற மெக்னீசியம் ட்ரைசிலிகேட் கலந்த மருந்தும் இதைச் சேரவிடாது. நீங்க சிரப்பைச் சிப்ரோவோடதான் குடிச்சீங்க, சரி, ஆனா அடுத்த தடவைக்கு நினைப்புல வைங்க. சிப்ரோவுக்கும் அது நல்லதில்ல, சிறுநீரோட புளிப்பு போயிட்டா சிப்ரோ உப்பா படியறதுக்கு வாய்ப்பிருக்கு.

இப்ப கொழுந்தனார் மாத்திரைக்கு வருவோம்

கொழுந்தனார் மேல கோவப்பட வேண்டாம், அண்ணி துடிக்குறாங்களேன்னுதான் எடுத்துக் குடுத்திருக்காரு. ஆனா அவரும் இதைப் படிக்கணும், முடிஞ்சா நீங்களே போனைக் கையில குடுங்க. கேரளாவுல சீட்டு இல்லாம ஆன்டிபயாட்டிக் தரமாட்டாங்க, அலையவிடுவாங்கன்னு எழுதியிருக்கீங்க. அங்க 2024 ஜனவரியில இருந்து ஆபரேஷன் அம்ரித்னு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே கடை கடையா ஏறிப் பாக்குது, உங்களுக்குக் குடுத்த நீலக் கவரும் இது ஆன்டிபயாட்டிக், ஜாக்கிரதைன்னு அடையாளம் காட்டத்தான். ஆனா சட்டம் செக்போஸ்ட்டோட நின்னுடாது, நம்ம பக்கமும் அதே சட்டம்தான். அட்டையில செங்குத்தா ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கும் பாருங்க, அது இருந்தாலே டாக்டர் சீட்டு வேணும்னு அர்த்தம். இங்க யாரும் கேக்குறதில்லங்கறதுதான் வித்தியாசம்.

உங்களுக்கு வேர்த்து, நடுங்கி, கண்ணு இருட்டுனது மலைச்சோர்வு இல்லன்னு நினைக்கிறேன். மீட்டர் வச்சுப் பாக்காததால அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா பன்னும் டீயும் போன பத்து நிமிஷத்துல தெளிஞ்சுதுன்னா அது சுகர் இறங்கினதுக்குத்தான் பொருந்துது. சிப்ரோவும் அதே குடும்பத்து மாத்திரைகளும் சுகரை இறக்கிவிடும், கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இன்னும் வேகமா. அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018ல இதுக்குன்னே எச்சரிக்கையைக் கடுமையாக்குச்சு, சிலரு கோமா வரைக்கும் போயிருக்காங்க. போதாக்குறைக்கு உங்க பழக்கம் என்னன்னா கிளிமிபிரைடை நாலரை மணிக்கே போட்டுட்டு சாப்பாடு ஒன்பதரைக்கு. இத்தனை நாள் எப்படியோ தள்ளுச்சு, சிப்ரோ சேர்ந்ததும் கவுந்துருச்சு. கிளிமிபிரைடு முதல் சாப்பாட்டோட போட வேண்டிய மாத்திரை. நீங்களா நிறுத்திடாதீங்க, ஆனா உங்க ஜீப் நேரத்தைச் சொல்லி எப்ப போடறதுன்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டு மாத்திக்குங்க. மடியில எப்பவும் ஒரு பொட்டலம் சர்க்கரை வச்சுக்குங்க. நடுங்குனா மூணு டீஸ்பூன் தண்ணியில கலக்கிக் குடிச்சு, கால் மணி நேரம் உக்காந்து, தெளியலன்னா இன்னொரு தடவை, தெளிஞ்சதும் சோறோ பிஸ்கட்டோ சாப்பிடணும். இனிப்பு டீ அன்னைக்கு உங்களைக் காப்பாத்துச்சு, குடுத்த அந்தப் பொண்ணுங்களுக்கு என் சார்பா நன்றி சொல்லுங்க.

அடுத்து குதிகால். பின்னாடி கையை வச்சா கயிறு மாதிரி தடிச்சு ஒன்னு தட்டுப்படும், எல்லாரும் நரம்புன்னு சொல்லுவாங்க, அது நரம்பு இல்ல, கெண்டைச் சதையையும் குதிகால் எலும்பையும் இழுத்துக் கட்டியிருக்குற தசைநார். சிப்ரோ அதைப் பலவீனமாக்கும், அரிதா அத்தும் போகும். 2008லயே எஃப்டிஏ இதுக்குக் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை வைக்கச் சொல்லிருச்சு, 2016ல சாதாரண நீர்க்கடுப்புக்கு வேற மருந்து இருந்தா இதைக் குடுக்கவே வேண்டாம்னும் சொல்லிருச்சு. ஏன்னா அஞ்சு நாள்ல போற எரிச்சலுக்கு காலைப் பணயம் வைக்குறது நியாயமில்ல. எல்லாருக்கும் வராது, 60 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கும் ஸ்டீராய்டு எடுக்குறவங்களுக்கும்தான் ஜாஸ்தி, ஆனா உங்களுக்கு வந்த இடமும் நேரமும் சந்தேகப்பட வைக்குது, அதனாலதான் உடனே நிறுத்தச் சொன்னேன்.

வலி போற வரைக்கும் சரிவுல ஏறி இறங்காதீங்க, மூட்டை தூக்காதீங்க. யாராவது எண்ணெய் போட்டு நீவி விடறேன்னா விடாதீங்க. அதைவிட முக்கியம், வலிக்கு ஒரு ஊசி போட்டா சரியாயிரும்னு போயி நிக்காதீங்க, நம்ம ஊர் 'வலி ஊசி'யில பல தடவை ஸ்டீராய்டு இருக்கும், அது இந்த நேரத்துல எரியுற வீட்டுல எண்ணெய். டப்புன்னு ஒரு சத்தம் கேட்டு பாதத்தை ஊன முடியாமப் போனா அன்னைக்கே எலும்பு டாக்டர். மாத்திரை நிறுத்தி சில மாசம் வரைக்கும் கூட இந்த வலி தலைகாட்டலாம், அப்ப வேற யாரையாவது பாத்தாலும் நான் சிப்ரோ சாப்பிட்டேன்னு சொல்லணும்.

பாலோட குடுத்தது அன்பாலதான், ஆனா பால்ல இருக்குற கால்சியம் சிப்ரோவைப் பிடிச்சு வச்சுக்கும், ரத்தத்துக்குப் போறது கணிசமா குறைஞ்சிரும். ஆக உங்களுக்குக் கிடைச்சது முழுத் தொல்லையும் அரைகுறை மருந்தும். நம்ம நாட்டு ஈ.கோலை கிருமிதான் பெரும்பாலான நீர்க்கடுப்புக்குக் காரணம், அது சிப்ரோவுக்கு இப்பல்லாம் சரியா அடங்குறதும் இல்ல, காலங்காலமா சளிக்கும் பேதிக்கும் இதையே வாங்கி விழுங்குனதோட பலன். நைட்ரோஃபுரன்டாயினுக்கு இன்னும் பெரும்பாலும் அடங்குது. எரிச்சல் பாதியில நின்னதுக்கு இதுவும் காரணமா இருக்கலாம்.

இப்ப என்ன வழி?

எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும்னு காட்டுற கல்ச்சர் டெஸ்ட் வேணும். முதல்ல கொஞ்சம் விட்டுட்டு நடுவுல வர்ற சிறுநீரைச் சுத்தமான டப்பாவுல பிடிச்சுக் குடுக்கணும், ரிசல்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும். எந்த மாத்திரை எத்தனை நாள் சாப்பிட்டீங்கன்னு லேப் சீட்டுல எழுதச் சொல்லுங்க, ஏற்கனவே மருந்து உள்ள போயிருக்கறதால கிருமி முளைக்காமலும் போகலாம், அதை வச்சு இன்ஃபெக்ஷனே இல்லன்னு முடிவு பண்ணிரக் கூடாது. கூடவே கிரியாட்டினின், சுகர்.

கிட்னி நல்லா இருந்து, காய்ச்சலும் விலா வலியும் இல்லன்னா, நீங்க பாதியில விட்ட அதே நைட்ரோஃபுரன்டாயினுக்கே டாக்டர் திரும்பப் போகலாம், எனக்கும் அதுல ஆட்சேபனை இல்ல. ஆனா நாலு சாப்பிட்டோம் ஆறுதானே பாக்கின்னு கணக்குப் போடக் கூடாது, புதுசா முழு அஞ்சு நாள். இன்னொரு வழி ஃபாஸ்ஃபோமைசின் பொடி, 3 கிராம், தண்ணியில கலக்கி ஒரே ஒரு தடவை குடிக்கறது. விலை கொஞ்சம் கூட, சிலருக்கு வயிறு கலங்கும், ஆனா ஜீப்பும் தூக்குச்சட்டியுமா ஓடுறவங்களுக்கு ஒரே வேளையில முடியறது ஒரு சௌகரியம். சல்ஃபா சேர்ந்த கோட்ரைமாக்சசோல் எழுதினா மட்டும், டாக்டர், நான் கிளிமிபிரைடு சாப்பிடுறேன்னு சொல்லிடுங்க, அதுவும் சேர்ந்தா சுகரை இறக்கும். சல்ஃபா அலர்ஜி இருக்கான்னும் அவரு கேப்பாரு.

எதைப் பொறுத்துக்கலாம், எதுக்கு ஓடணும்

திரும்ப நைட்ரோஃபுரன்டாயின் போட்டா நிறம் மாறும், லேசா குமட்டும், தலை கனக்கும். பொறுத்துக்கலாம்.

எந்த ஆன்டிபயாட்டிக் போட்டாலும் அதுக்கப்புறம் கீழ அரிப்பு, தயிர் மாதிரி வெள்ளை வந்தா அது பூஞ்சை. சுகர்காரங்களுக்குச் சகஜம். வெக்கப்பட்டுக்கிட்டு அதுக்கும் இன்னொரு ஆன்டிபயாட்டிக் வாங்கிராதீங்க, அதுக்குத் தனி மருந்து இருக்கு, டாக்டர்கிட்ட சொல்லுங்க.

மாத்திரை ஆரம்பிச்ச சில நாள்ல காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு வாங்கல் மூணும் சேர்ந்து வந்தா நைட்ரோஃபுரன்டாயின் நுரையீரலுக்கு ஒத்துக்கலன்னு அர்த்தம். அரிதுதான், ஆனா நம்ம ஆளுங்க மலைக்குளிர்னு விட்டுருவாங்க. உடனே நிறுத்திட்டுப் போகணும். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு முகம் வீக்கம், கண்ணு மஞ்சள், பாதத்துல புதுசா மதமதப்பு, நிக்காத பேதி, இதுக்கெல்லாமும் அப்படித்தான். மதமதப்பு உங்களுக்குச் சுகராலயே ஏற்கனவே இருந்தா முன்னாடியே சொல்லி வைங்க.

குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், ஒரு பக்க விலாவுல வலி, வாந்தின்னா இன்ஃபெக்ஷன் கிட்னிக்கு ஏறிருச்சுன்னு சந்தேகம். அதுக்கு நைட்ரோஃபுரன்டாயினும் ஃபாஸ்ஃபோமைசின் பொடியும் பத்தாது, ரெண்டும் பையில வேலை செய்யற அளவுக்குக் கிட்னிச் சதையில ஏறாது. அன்னைக்கு ராத்திரியே கம்பம் அரசு ஆஸ்பத்திரியோ க.விலக்குல இருக்குற தேனி மெடிக்கல் காலேஜோ போயிருங்க, வண்டி இல்லன்னா 108.

மகளுக்கு அந்த ஆறு காப்ஸ்யூல்

குடுக்காதீங்க. மாத்திரை கெட்டதுன்னு சொல்லல, அஞ்சாம் மாசத்துல டாக்டருங்களே இதை எழுதுறதுண்டு. பிரசவம் நெருங்குற 38 வாரத்துக்கு மேலதான் பிறக்கப் போற குழந்தையோட சிவப்பணுவுக்கு ஆகாதுன்னு தவிர்ப்போம். பிரச்சனை என்னன்னா உங்க மகளுக்கு இருக்குறது என்னன்னே நமக்குத் தெரியாது. முழுகாம இருக்கும்போது நீர்க்கடுப்பை லேசா விட்டா கிட்னிக்கு ஏறும், குறைமாசப் பிரசவம் வரைக்கும் போகும். அதனாலதான் கர்ப்பத்துல எரிச்சலே இல்லாம கிருமி மட்டும் இருந்தாலும் மருந்து குடுப்போம், கல்ச்சர் பாத்துத்தான் குடுப்போம், முடிஞ்சப்புறம் இன்னொரு தடவையும் பாப்போம். மூணு நாளைக்குத்தான் வர்ற அரைகுறை மருந்தைக் குடுத்தா எரிச்சல் நிக்கும், கிருமி நிக்காது. அவளை நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. உங்க சிப்ரோ மூணும் அவ கைக்கே போகக் கூடாது.

தண்ணி குடிக்காத கதை

கடிதத்துல கடைசியில போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, "தோட்டத்துல ஒதுங்க இடமில்ல, ஆம்பளைங்க இருப்பாங்க, அதனால காலையில இருந்து தண்ணியே குடிக்க மாட்டோம்"னு. எனக்கு இதுதான் மொத்தக் கடிதமும். விடிஞ்சதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் அடக்கி வச்சா கிருமிக்குப் பையில பாய் விரிச்சுப் போட்ட மாதிரிதான். அதுல சுகர் வேற. ஒவ்வொரு மூணு மாசத்துக்கும் ஒரு அட்டை மாத்திரைன்னு போயிட்டே இருக்கும், நான் எவ்வளவு நல்ல மருந்து எழுதினாலும்.

நீர்மோரும் பார்லித் தண்ணியும் மாமியார் குடுத்தா குடிங்க, எரிச்சல் அடங்கும், கிருமி சாகாது. பெரியவங்களை எதுத்துப் பேச வேண்டாம், மாத்திரையோட சேர்த்துக் குடிச்சுட்டுப் போங்க.

மத்தது உரிமை விஷயம். ஏலத்தோட்டமும் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துக்குள்ள வந்துச்சு, குறைஞ்சது 5 ஹெக்டேர், குறைஞ்சது 15 பேரு வேலை செய்யற தோட்டம்னா குடிதண்ணியும், ஆம்பளைக்குத் தனி பொம்பளைக்குத் தனின்னு கழிப்பிடமும் முதலாளி பொறுப்புன்னு அதுல எழுதியிருந்துச்சு. அந்தச் சட்டம் இப்ப புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள்ள போயிருச்சுன்னாலும் இந்தப் பொறுப்பு போகல. ஒத்தையா போயி கேட்டா நாளைக்கு ஜீப்புல எடம் இருக்காது, எனக்கும் தெரியும். ஜீப்புல வர்ற பத்து பன்னெண்டு பேரும் சேர்ந்து கங்காணிகிட்ட, முதல்ல ஸ்டோர் பக்கத்துல நாலு தகரம் அடிச்சு ஒரு மறைப்பும் ஒரு டிரம் தண்ணியும் கேளுங்க. அது வர்ற வரைக்கும் ரெண்டு ரெண்டு பேரா, ஒருத்தருக்கு ஒருத்தர் காவலா, நாலு மணி நேரத்துக்கு ஒருதரமாவது ஒதுங்கிட்டு வாங்க.

யாரு பண்ணது தப்புன்னு கேட்டீங்க. நிறம் மாறும்னு சொல்லாத ஆஸ்பத்திரிக்கு ஒரு பங்கு, சுகர் மாத்திரை என்ன சாப்பிடுறீங்க அண்ணின்னு கேக்காத கொழுந்தனாருக்கு ஒரு பங்கு, குமுளியிலயும் சுகர் இருக்குன்னு நீங்களா சொல்லலன்னு எழுதியிருக்கீங்க, அதுல உங்களுக்கும் ஒரு கால் பங்கு. அடுத்த தடவை அங்க போனா உள்ள நுழைஞ்சதும் அட்டையைக் காட்டி "ஷுகரின்ட மருந்து கழிக்குன்னுண்டு"ன்னு சொல்லுங்க. கழிக்குன்னுண்டுன்னா சாப்பிட்டுட்டு இருக்கேன்னு அர்த்தம், கழிச்சுக் கட்டிட்டேன்னு இல்ல.